அம்மாவின் செல்லப்பிள்ளை

முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துவிட ஒருவன் வந்துபோக ஆரம்பித்ததிலிருந்து, அம்மா வாயைத் திறந்தால் அவன் புராணம்தான். சலவைக்கடையில் வாரம் முழுக்க இஸ்திரி போட்டுவிட்டு, தனியாக இருக்கும் அம்மாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஓடிவரும் மகளுக்கு வயிறு எரிந்தது.

"அவன் கை பட்டா வலி பறந்துபோகுதுடி. நீ தேய்ச்சா தோலுதான் உரியுது."

வீட்டுச் சாவியைக்கூட அம்மா அவனிடம் கொடுத்திருந்தாள். பெற்ற மகள் குத்துக்கல்லாட்டம் இருக்க, எவனோ ஒருவன் செல்லப்பிள்ளையா? மகளுக்கு அவன்மேல் சந்தேகமெல்லாம் இல்லை, வெறும் பொறாமைதான். ஒருநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து வாசலிலேயே அவனை மறித்தாள்.

"சாவியக் குடு. எங்கம்மாவ நானே பாத்துக்கறேன்."

"சரிங்கக்கா" என்று சிரித்தபடி கொடுத்துவிட்டுப் போனான்.

அடுத்த மாதம் போலீஸ் அவனைப் பிடித்தது. தனியாக வாழ்ந்த முதியவர்கள் நான்கு பேரைத் தலையணையால் அமுக்கிக் கொன்றிருந்தான். கடைசி ஆள், இங்கிருந்து துரத்தப்பட்ட பிறகு அவன் தைலம் தேய்க்கப் போன வீட்டுப் பெரியவர்.

செய்தியைக் கேட்டு அம்மா நெடுநேரம் அழுதாள்.

"நீ தப்பிச்சுட்டேம்மா. இன்னும் எதுக்கு அழறே?"

"அவன் பாவிதான், இல்லேங்கல. ஆனா நான் பேசறத அவன மாதிரி உக்காந்து கேட்டவங்க யாருமில்லடி."

ஜெயிலில் கிடக்கும் அந்தக் கொலைகாரன்மேல் மகளுக்கு இன்னும் பொறாமையாக இருந்தது.