காரணம் என்ற கட்டம்

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் கோயிலை ஒட்டிய மறைக்கல்வி அறையில் அறநெறி வகுப்பு தொடங்கும். மூன்று மாதப் படிப்பு, கடைசியில் சான்றிதழ் உண்டு. சேர்ந்த பதினான்கு பேரில் ஒரு வகுப்பைக்கூட விடாமல் வந்தவள் ஆரோக்கியமேரி ஒருத்திதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தகடு வெட்டி வளைக்கும் கம்பெனி ஒன்றில் அவள் நர்ஸ். இருபது வருடமாகப் பிறர் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு, எது சரி எது தப்பு என்று யாராவது ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தால் தேவலை என்று இருந்தது.

பாடம் எடுத்த பிரதர் பீட்டருக்கு வயது இருபத்தாறு. கடமை, விளைவு, மனசாட்சி என்று பலகையில் மூன்று வட்டம் போடுவார். எந்தச் சிக்கலையும் அந்த மூன்றுக்குள் அடக்கிக் காட்டிவிடுவார். ஆரோக்கியமேரி அதையெல்லாம் அழகாக நோட்டில் எழுதிக்கொள்வாள்.

ஏழாவது வாரத்துச் செவ்வாய்க்கிழமை, பிரஸ் மிஷினில் அன்புவின் வலது கை மாட்டிக்கொண்டது. இரண்டு விரல்கள் போயின. அன்பு ஆரம்பாக்கத்துக்காரன், காண்ட்ராக்ட் தொழிலாளி. அந்த மிஷினில் கை உள்ளே போகாமல் தடுக்கும் மூடியை, வேலை சுணங்குகிறது என்று கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதைப் பற்றி அவள் மேலே இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடிய அவசரத்தில் விபத்துப் பதிவேட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்தை அவள் நிரப்பவில்லை. மறுநாள் பர்சனல் ஆபீசர் வீரராகவன் முதலுதவி அறைக்கே வந்தார். மூடி இருந்தது, தொழிலாளிதான் அதைத் தள்ளிவிட்டுக் கையை விட்டான் என்று எழுதினால் போதும் என்றார். மிரட்டவில்லை, நலம் விசாரிப்பதுபோல்தான் சொன்னார். யோசித்துத் திங்கட்கிழமை எழுதுவதாகச் சொல்லி அவரை அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை அன்புவே வந்தான், கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்தபடி.

“அக்கா, மூடி இருந்துச்சின்னே எழுதிடுக்கா. கேட்டாண்ட வாச்மேன் டூட்டி குட்த்து பர்மனென்ட் பண்றேன்னு சாரு சொல்லிக்கீறாரு. ரெண்டு வெரலு இல்லாதவனுக்கு வெளிய எவன் வேல குடுப்பான்?”

வீரராகவனிடம் என்றால் முடியாது என்று சொல்லிவிடலாம். இவனிடம் என்ன சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை பெயர்களை விட்டுவிட்டு வகுப்பில் கேட்டாள். உண்மைதான் பெரிது என்றார் ஒருவர். அடிபட்டவனே கேட்கும்போது இரக்கம்தான் பெரிது என்றாள் இன்னொருத்தி. பிரதர் வட்டங்களைப் போட்டு விளக்கினார், நேரமாகிவிட்டது என்றார், இதையே நான்கு பக்கக் கட்டுரையாக எழுதி வரச் சொன்னார்.

ஆரோக்கியமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நாலு பக்கம் வேணாம் பிரதர். நாளிக்கு காலைல நான் ஒரே ஒரு வரி எழுதணும். அது இன்னான்னு சொல்லுங்க.”

அவர் சாக்பீஸை மேஜையில் வைத்தார். “எனக்குத் தெரியலக்கா” என்றார்.

தெரியாததில் அவளுக்குக் கோபம் இல்லை. ஏழு வாரம் தெரிந்தவர்போலப் பேசியதில்தான் கோபம்.

திங்கட்கிழமை பேனாவை எடுத்தபோது, இப்போது அந்த மிஷினில் யார் நிற்கிறார்கள் என்று கேட்கத் தோன்றியது. ஒடிசாவிலிருந்து போன மாதம் வந்த ஒருவன் என்றார்கள். போய்ப் பார்த்தாள். மூடி இன்னும் சுவரோரம்தான் இருந்தது. திரும்பி வந்து, ‘காப்பு மூடி கழற்றப்பட்டிருந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

புதன்கிழமை மூடி மிஷினில் ஏறியது. அதே புதன்கிழமை, இனி வர வேண்டாம் என்று காண்ட்ராக்டர் அன்புவுக்குப் போன் செய்தார்.

அன்று சாயங்காலமே அவள் ரயிலேறி ஆரம்பாக்கம் போனாள். அன்புவின் மனைவி தமிழ்செல்வி வாசலில் நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. நடந்ததை ஆரோக்கியமேரி ஒளிக்காமல் சொன்னாள். உள்ளே உட்கார்ந்திருந்த அன்பு எழுந்து வாசலுக்கு வந்தான்.

“உன் மனசாட்சிக்கு என் வேலய எட்த்து குட்த்துட்ட. அவ்ளோதான?”

திரும்பும் ரயிலில் அவளுக்கு வீரராகவன் மேல், பிரதர் மேல், கொஞ்சம் அன்பு மேலும்கூட எரிச்சல் வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், தான் உண்மையை எழுதிவிட்டோம் என்ற சின்னப் பெருமை ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. அதுதான் அவளை அதிகமாக உறுத்தியது.

அடுத்த வாரம் கம்பெனியில் லீவு கொடுக்கமாட்டோம் என்றார்கள். லீவு லெட்டர் எழுதி மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். பதிவேட்டு நகலோடு அன்புவைத் திருவள்ளூர் தொழிலாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள். தமிழ்செல்வி துரத்தியதால்தான் அவன் வந்தான். இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு அதிகாரி நகலைப் படித்தார். காரணம் தெளிவாக இருப்பதால் நஷ்டஈட்டு மனுவை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் காண்ட்ராக்டருக்கு நோட்டீஸ் போக வேண்டும், இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார்.

வெளியே வந்ததும் அன்பு சொன்னான்: “அடுத்த தபா நீ வர வேணாம்.”

“அத எழுதுனது நான். கேட்டா நான்தான் பதில் சொல்லணும். வருவேன்.”

கும்மிடிப்பூண்டி பஸ் வந்தது. அவன் பின்கதவில் ஏறினான். அவள் முன்கதவில் ஏறி, நிற்க மட்டும் கிடைத்த இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.