பக்கத்து இருக்கை பிரேக்

"இதுல பாதி எனக்குச் சரியா ஞாபகம் இல்லை. மீதிப் பாதியை எங்க வீட்டுக்காரம்மா ஒத்துக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் டிரைவிங் மாஸ்டர் இந்தக் கதையை ஆரம்பிப்பார். பள்ளிக்கூடத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், தான் வாயே திறக்கவில்லை என்பது அவர் நினைவு. எழுந்து எழுந்து கேள்வி கேட்டு மானத்தை வாங்கினார் என்பது வீட்டுக்காரம்மாவின் நினைவு. நாம் வீட்டுக்காரம்மாவை நம்பிவிடுவோம்.

முதல் வகுப்பு டீச்சர் அன்று சொன்னது இவ்வளவுதான். அடுத்த வாரம் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். யாருக்கு எங்கே தடுக்கிறது என்று தெரிந்தால் உதவி செய்யலாம். இதற்கென்று வீட்டில் யாரும் தயார் செய்ய வேண்டாம்.

மாஸ்டர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். லைசென்ஸ் தேர்வுக்கு ஆள் தயார் செய்வதே அவர் பிழைப்பு. அதிகாரி எந்தத் திருப்பத்தில் நிறுத்தச் சொல்வார், எந்த மேட்டில் வண்டியைக் கிளப்பச் சொல்வார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரிடம் படித்து லைசென்ஸ் வாங்கியவர்களில் பாதிப் பேர் காய்கறிக் கடை வரைக்கும் வண்டி எடுக்கப் பயப்படுவார்கள். அதை மட்டும் அவர் விளம்பரப் பலகையில் போடவில்லை.

வீட்டுக்காரம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். வீட்டுக்கு வந்ததும் பேச்சு ஆரம்பித்தது.

"எங்க கடைக்கும் வர்றாங்க. போர்டுல இருக்கற எழுத்தை மனப்பாடம் பண்ணிட்டு வந்து கடகடன்னு ஒப்பிப்பாங்க. திரும்பிப் போறப்போ கதவுல முட்டிப்பாங்க."

"அது கண்ணு. இது படிப்பு."

"எங்க தெரியலன்னு பார்க்கத்தாங்க டெஸ்ட்டு. அதை மறைச்சா யாருக்கு நஷ்டம்?"

"மெதுவா படிக்கிற கூட்டத்துல தள்ளிட்டாங்கன்னா? அந்தப் பேரு லேசுல போகாது."

வீட்டுக்காரம்மா பேச்சை விட்டுவிட்டுத் தட்டுகளை எடுத்து வைக்கப் போனார். மாஸ்டர் சின்ன வயதில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர் என்பதும், அங்கே அவருக்கு ஆமை என்று பெயர் என்பதும் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாளே பழைய காலண்டர் அட்டைகளை வெட்டி வார்த்தைகள் எழுதினார். மகளுக்குப் பட்டாணி என்று செல்லப் பெயர். சாப்பாட்டு மேசையில் பட்டாணி ஒரு நாற்காலியில், மாஸ்டர் வண்டியில் உட்காருவதுபோலப் பக்கத்து நாற்காலியில். முதல் இரண்டு நாள் தடுமாற்றம். பிறகு பிள்ளை பிய்த்து உதறினாள். 'மரம்' அட்டையைக் காட்டினால், "மயி... மலை... மரம்" என்று தானே திருத்திக்கொள்வாள்.

"பார்த்தியா, வாத்தியார் யாரு?" என்றார் மாஸ்டர்.

"பார்த்துட்டுத்தான் இருக்கேன்" என்றார் வீட்டுக்காரம்மா.

சோதனை முடிந்த மறுநாள் டீச்சர் மாஸ்டரையும் வீட்டுக்காரம்மாவையும் பட்டாணியோடு வரச் சொன்னார். வகுப்பறையில் முழங்கால் உயர நாற்காலிகள்தான் இருந்தன. மாஸ்டர் ஒன்றில் தம்மைத் திணித்துக்கொண்டார்.

"வீட்ல நல்லா வாசிக்கிறாளா சார்?"

"அருவி மாதிரி."

"இங்க ஒரு வார்த்தையும் முடிக்கல. பாதி சொல்லுவா, நிறுத்துவா, மேசைக்கு அடியில குனிஞ்சு என் காலைப் பார்ப்பா. செருப்புல ஏதாவது ஒட்டியிருக்கான்னு நானும் குனிஞ்சு பார்த்தேன்."

"ஏன் கண்ணு அப்படிப் பண்ணினே?" என்றார் வீட்டுக்காரம்மா.

பட்டாணி, தெரிந்த விஷயத்தை எதற்குக் கேட்கிறார்கள் என்பதுபோலச் சொன்னாள். "தப்புன்னா அப்பா கால் 'டொம்'முன்னு மிதிக்கும். நான் வேற சொல்லுவேன். மிதிக்கலன்னா ரைட்டு. டீச்சர் கால் ஒண்ணுமே சொல்லல. அதான் காத்துட்டு இருந்தேன்."

பழகுகிறவர்கள் தடுமாறினால் மிதிக்க, மாஸ்டரின் வண்டியில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வண்டியை விட்டு இறங்கினாலும் அந்தக் கால் இறங்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வாத்தியார் வேலை பார்த்தது அவர் அல்ல, அவருடைய வலது கால். பட்டாணியைப் போலவே அதற்கும் எழுத்து தெரியாது. வீட்டுக்காரம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"காலை மேலே தூக்கி வச்சுக்குங்க சார்" என்று டீச்சர் ஒரு படக்கதையை விரித்தார்.

அந்த நாற்காலியில் மாஸ்டர் சம்மணம் போட்டு உட்கார்ந்ததை விவரிக்க வேண்டாம். பட்டாணி முதல் வரியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். வாயைத் திறந்து மூடினாள். வெளியே யாரோ வாளியை வைக்கும் சத்தம். தொடைக்கு அடியில் மாட்டிய கால் துடித்தது. மாஸ்டர் அதைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ பேரைக் குழியிலிருந்து காப்பாற்றிய கால். சொந்த மகளை இத்தனை நாளும் அதுதான் நகர விடாமல் வைத்திருந்தது.

"பூனை... மலை மேல ஏறியது" என்றாள் பட்டாணி.

எந்தக் காலும் மிதிக்கவில்லை. பட்டாணி அடுத்த வரிக்குப் போனாள். "கிளையில உட்கார்ந்தது." நின்றாள். நெற்றியைச் சுருக்கினாள். "மலையில ஏது கிளை?" திரும்பி முதல் வரிக்கு வந்து, ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்து, மூச்சுவிடும் நேரம் நின்று நின்று, "ம... ர... மரம்" என்றாள். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் பக்கத்தைப் புரட்டினாள்.

அந்தக் கதை முடியக் கால் மணி நேரம் ஆயிற்று. மாஸ்டருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே போய்விட்டது.

"இவளுக்கு உதவி வேணும் சார். மதியத்துல தனியா சொல்லித் தர்றேன்" என்றார் டீச்சர்.

"மெதுவா படிக்கிற கூட்டத்துலயா?"

"அந்தக் கூட்டத்துலதான்."

மாஸ்டர் தொடைக்கு அடியிலிருந்து காலை மெல்ல வெளியே எடுத்தார். "சரிங்க" என்றார். எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது.

பட்டாணி அந்த வருடம் முழுக்க மதிய வகுப்புக்குப் போனாள். இப்போது நான்காம் வகுப்பில் படிக்கிறாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் மெதுவாக வாசிக்கிறாள். டீச்சர் வேறு பள்ளிக்கு மாறிப் போய்விட்டார். வீட்டுக்காரம்மா அதே கடையில் இருக்கிறார். மாஸ்டரிடம் படித்து லைசென்ஸ் தேர்வில் முதல் முறையே தேறுகிறவர்கள் முன்னைவிடக் குறைவு; காய்கறிக் கடை வரைக்கும் தாங்களே வண்டி ஓட்டிப் போகிறவர்கள் அதிகம்.