துண்டு விழுந்த வீடு

தேரிமங்கலம் நகராட்சி பட்ஜெட்டில் வருஷா வருஷம் துண்டு விழும். இந்த வருஷம் அது உலகம்மாள் வீட்டின் மேல் விழுந்தது.

நல்ல ஈரிழைத் துண்டு, சிவப்புக் கரை. பற்றாக்குறை எவ்வளவோ அவ்வளவு அகலம். மொட்டைமாடியை மூடி, சன்னலை மூடி, வாசல்படி வரை தொங்கியது. குறை சொல்ல முடியாது, நெசவு அருமை. போன வருஷம் ஜவுளிக்கடை அருணாசலம் மேல் விழுந்தது. மனுஷன் இன்றைக்கும் அதையே தலையில் போட்டுக்கொண்டு அலைகிறார். அதற்கு முந்தின வருஷம் தெப்பக்குளத்தில் விழுந்தது. மீன்கள் இன்னும் தவணை கட்டுகின்றன.

வீட்டு வரி போடும் பில் கலெக்டர் சுடலைமுத்து டேப்போடு வந்து சேர்ந்தார்.

"எக்கா, உள்ள போவாதிய. துண்டு கெடக்குல்லா."

"என் வீடுய்யா இது!"

"வீடு ஒங்களதுதான். எடம் நகராட்சி பிடிச்சிருக்கு. பஸ்ஸுல துண்டு போட்ட சீட்டுல ஒக்காருவியளா?"

"சே சே, அது எப்படி?" என்றாள் உலகம்மாள். அவள் நியாயம் தெரிந்தவள். தேரிமங்கலத்தில் கொலைகூட நடந்திருக்கிறது. துண்டு போட்ட சீட்டில் மட்டும் யாரும் உட்கார்ந்ததில்லை.

ஆனால் வீடு இன்றைக்கே வேண்டியிருந்தது. மகள் பிரமு தலைப்பிரசவத்துக்கு வந்துகொண்டிருந்தாள். அவளுக்காக உலகம்மாள் உள்ளறைக்கு வெள்ளையடித்து, கட்டில் போட்டு, பழைய சேலையெல்லாம் துவைத்து மடித்து வைத்திருந்தாள். எல்லாம் துண்டுக்கு அடியில் கிடந்தன.

"பெத்த பிள்ளைய நடுத்தெருவுலயா போடுவேன்? எவ்வளவு வரி கட்டுனா துண்ட எடுப்பிய, சொல்லும்."

"அளந்தாத்தான தெரியும்?"

சுடலைமுத்து அளந்தார். அளக்க அளக்க வீடு நீண்டது. கூடம் நீண்டது, நடை நீண்டது. அடுக்களை பின்சுவரைத் தாண்டிக் கடைத்தெருவுக்கே போய்விட்டது.

"கடைத்தெருன்னா வரி கூட" என்றார் சுடலைமுத்து, மனவருத்தத்தோடு.

"அளக்குறத நிறுத்தும்வே! அடுப்புல புளிக்குழம்பு கெடக்கு."

குழம்பு கொதிக்கும் வாசனை மட்டும் தூரத்திலிருந்து வந்தது. அதற்குள் ஆட்டோவும் வந்து நின்றது.

"எம்மா, இடுப்பு நோவுதும்மா. எங்க எறங்க?" என்றாள் பிரமு.

உலகம்மாள் துண்டின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். "சுடலை, நானே துண்ட எடுத்துட்டா?"

"தாராளமா எடுங்க. ஆனா வேற எங்கயாவது போட்டாவணும். துண்டு சும்மா போவாது."

அவ்வளவுதானே! முந்தானையை இழுத்துச் செருகினாள். துண்டை ஒரே இழுப்பாக இழுத்துச் சுருட்டி ஆட்டோ தலையில் ஏற்றினாள். "நகராட்சிக்கு விடுப்பா."

அங்கே பட்ஜெட் நிறைவேறிய சந்தோஷத்தில் சேர்மனும் கவுன்சிலர்களும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பிரமுவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்த உலகம்மாள் துண்டை உதறி விரித்தாள். அது சேர்மன் நாற்காலியில் தொடங்கிக் கடைசிக் கவுன்சிலர் நாற்காலி வரை மூடியது. பற்றாக்குறை அவ்வளவு பெரிது.

கைதட்டல் நின்றது. ஒருவரும் உட்காரத் துணியவில்லை.

"என்னம்மா இது?" என்றார் சேர்மன் தங்கப்பழம்.

"எடம் பிடிச்சிருக்கேன்."

"யாருக்கு?"

"எம்மவளுக்கு."

"சேர் இல்லாட்டா நான் என்ன சேர்மன்மா?"

"அத நீரு நின்னுக்கிட்டே யோசியும்."

துண்டை எடுத்தால் எங்கே போடுவது என்று பேச்சு கிளம்பியது. எங்க வார்டுல வேண்டாம், எங்க வார்டுல வேண்டாம் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அந்தச் சத்தத்திலேயே பிரமுவுக்கு வலி கண்டது. நாற்காலி வரிசையில் துண்டின் மேல் படுத்துவிட்டாள். பெண் கவுன்சிலர்கள் சுற்றி நின்று மறைத்தார்கள். ஆண்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

பெண் பிள்ளை. அழகாகத் துண்டில் விழுந்தது.

கணக்கர் பேனாவோடு தயங்கினார். "துண்டுல பிள்ள விழுந்திருக்கு. இத வரவுல எழுதவா, செலவுல எழுதவா?"

சேர்மன் சுவரையே பார்த்தார்.

"கேக்கான் பாரு கேள்வி!" என்றாள் உலகம்மாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "வரவுதான்வே. இப்பத்தான வந்திருக்கா!"

கணக்கர் வரவில் எழுதினார். வரவும் செலவும் நேராயின. துண்டு மளமளவென்று சுருங்கி, பிள்ளையைச் சுற்றும் அளவுக்கு வந்து நின்றது. சேர்மன் நாற்காலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

பின்னாலேயே ஓடிவந்திருந்த சுடலைமுத்து டேப்பை உருவினார். "பிள்ளையையும் ஒருதரம் அளந்துட்டா..."

"கிட்ட வாரும், பாப்பம்."

சுடலைமுத்து டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் வெயில் அடித்தது. கட்டில் போட்ட இடத்திலேயே இருந்தது. உலகம்மாள் மகளைப் படுக்கவைத்துப் பேத்தியைப் பக்கத்தில் கிடத்தினாள்.

"எம்மா, பசிக்கி. அடுக்களை எங்க?"

"கடைத்தெருவுல இருக்கு. கண்ணசந்துக்கோ, போயிட்டு வந்துருதேன்."