பாதி நிறைந்த கூண்டு

இரண்டு வருஷத்துக்கு முன் ராய்ஸ் கடலோடு போனபோது கூடவே தொலைந்த, அவர் பெயர் எழுதிய நண்டுக்கூண்டு, அமெரிக்காவின் ஓரிகன் கரையோரம் அவர் மனைவி ஆர்டித்தின் தூண்டிலில் சிக்கியது. கொழுந்தன் வெர்லின் அதைப் படகுக்குள் இழுத்துப் போட்டான். பாதிக் கூண்டுக்கு நண்டு நெளிந்தது.

"கதவு எப்படி அண்ணி மூடியிருக்கு? கூண்டு தொலைஞ்சா நண்டு தப்பிக்கட்டும்னுதானே கதவைப் பருத்திக் கயித்துல கட்டுறோம். அது எப்பவோ இத்துப்போயிருக்கணுமே."

கயிறு வெள்ளை வெளேரென்று புதிதாக இருந்தது. முடிச்சு, இடக்கைக்காரரான ராய்ஸ் மட்டுமே போடும் முடிச்சு.

வெர்லின் கத்தியை எடுத்தான். "அறுத்து விட்டுடவா?"

"தொடாத தம்பி. அப்படியே திரும்பக் கடல்ல இறக்கு," என்றாள் ஆர்டித். "கூண்டு நிறையாம உங்கண்ணன் என்னைக்கு வீட்டுக்கு வந்திருக்காரு?"