ஜெயபாலன் தலைக்குள் இடம் மாறியவை

நான் சொல்வதில் முன்பின் பிசகியிருக்கலாம். கோவிட் ஓய்ந்த வருடமா, அடுத்த வருடமா என்பதும் உறுதியில்லை. ஆனால் மலேசியாவில், ஈப்போ நகரத்துச் சிலிபினில் ஒரு காலை, ஜெயபாலன் மூளையின் துணைச் செல்கள் அவர் வலது காது வழியாக வெளியே வந்து தலையணையில் உட்கார்ந்திருந்தன. அவர் மனைவி மங்களம் பவுடர் என்று நினைத்துத் தட்டப் போனாள். குனிந்து பார்த்தபோது ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம்போலக் கைகள் இருந்தன. அவை தலையணை உறையைத் துடைத்துக்கொண்டிருந்தன.

ஜெயபாலன் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் விற்கப்பட்டு வீடுகள் இடிபட்டபின் சிலிபினுக்கு வந்து காவல் வேலை பார்த்தார். மூளையில் ரத்தக் குழாய் அடைத்து, ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியபோது எல்லோரையும் அவருக்குத் தெரிந்தது, மங்களத்தைத் தவிர. "கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா" என்று அவளிடம் மரியாதையாகக் கேட்டார். அவள் கொடுத்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டில் பேச்சே குறைந்துபோயிற்று.

பக்கத்து வீட்டு டாக்டர் ஃபர்சானா வந்து தலையணையைப் பார்த்தாள். "ஆன்ட்டி, நரம்பு மட்டும் மூளை இல்ல லா. அதுக்குச் சோறு போட்டு, குப்பை கூட்டுறது இதுங்கதான். பாக்க ஒரே மாதிரி இருக்கும். ஆனா பொறந்த எடத்து வேலைதான் தெரியும். கலந்துடாதீங்க, எப்படித் திருப்பி வைக்கிறதுன்னு நான் கேட்டுட்டு வாரேன்" என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவள் சொன்னது சரிதான். கருவில், நரம்புச் செல்கள் ஏறிப்போக ஏணியாக நிற்கும் தாய்ச் செல்களே, பிறகு துணைச் செல்களையும் பெறுகின்றன. பெற்ற இடத்துக்கு நேர் மேலேயே அவை குடியேறி, அந்த இடத்தின் வேலையைப் பழகுகின்றன. நினைவுக்குத் துணை நிற்பவை வேறு, நடைக்குத் துணை நிற்பவை வேறு.

ஆனால் வெயில் ஏற ஏறச் செல்கள் காய்ந்து சுருங்கின. மங்களம் பயந்து, தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆள்களை மேய்த்த சன்னாசியைக் கூப்பிட்டாள்.

"உம் புருசன் மண்டையில இவ்ளோ பேரு வேலை செஞ்சுமா ஒருநாளும் நேரத்துக்குப் பெரட்டுக்கு வரல?" என்றார் சன்னாசி. பெரட்டு என்பது விடியலில் ஆள்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிப்பது.

"வெளையாடாதீங்கண்ணே. கலக்கக் கூடாதாம்."

"தோட்டத்துல எவன் எந்த மர நிரைன்னு பாத்தா அனுப்புனோம்? ஆளு கொறைஞ்சா இருக்கிறவன் போவான். கத்தி புடிக்கத் தெரிஞ்சா போதும் லா."

அவர் மைலோ டின் மூடியைத் தட்டினார். பல வருடம் பெரட்டு மணி கேட்டு எழுந்த தலையின் செல்கள் அல்லவா, உடனே வரிசையில் நின்றன. நின்ற வரிசையிலேயே காதுக்குள் அனுப்பினார். நினைவின் இடத்துக்கு நடைக்காரர்கள் போனார்கள், நடையின் இடத்துக்கு நினைவுக்காரர்கள் போனார்கள். திரும்பி வந்த ஃபர்சானா ஜெயபாலனின் கண்களுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இனி எடுக்க முடியாது என்றாள்.

மதியம் ஜெயபாலன் கட்டிலைப் பிடித்து எழுந்தார். முதல் அடி வைத்ததும் "மங்களம்" என்றார். அடுத்த அடியில், "தாலி கட்டும்போது தும்முனியே" என்றார். அவள் ஓடிவந்தாள். அவர் நின்றுவிட்டார். "அக்கா, கக்கூஸ் எந்தப் பக்கம்?"

அதன்பின் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை நடையிலேயே நடந்தது. மகளின் கல்யாணத்தைப் பந்து மைதானத்தைச் சுற்றி வந்துகொண்டே பேசி முடித்தார்கள். அவர் நடை தள்ளாடும், அவள் கையைப் பிடித்துக்கொள்வாள். சாலை விளக்கு சிவப்பானால் அவள் அக்கா ஆகிவிடுவாள். அதனால் தெரிந்த லாரிக்காரர்கள் நிறுத்தி வழிவிட்டார்கள். யாரும் இதை அதிசயமாகப் பேசவில்லை.

ஃபர்சானா இப்போது பக்கத்து ஊரான காம்பாரில் கிளினிக் வைத்திருக்கிறாள். சன்னாசி போன மழைக்காலத்தில் இறந்தார். ஜெயபாலனால் இனி நடக்க முடியாது. மங்களம் தினமும் அவர் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அவர் பாதங்களை மாற்றி மாற்றித் தூக்கி வைக்கிறாள். அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்.