நெருப்புப் பக்கம் எது?

"மூடியில கை வச்சீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"தொடலம்மா. சும்மா பக்கத்துல நிக்கிறேன்."

"உங்க சும்மா எனக்குத் தெரியாதா? பின்னால போங்க. இன்னும். சுவர் வரைக்கும்."

மாஸ்டர் சுவர் வரைக்கும் போனார். போய், பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, புகைப் பெட்டியையே பார்த்தார். பள்ளிக்கூட வாசலில் குழந்தையை விட்டுவிட்டு வந்த தாய் மாதிரி இருந்தது அவர் முகம். தகட்டக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற நாளா அது?

பெரிய கட்டடங்களுக்குக் குளிர்காற்று போகும் குழாய்களைத் தகட்டில் வெட்டி மடக்கிச் செய்வது அவள் வேலை. அதனால் தகட்டக்கா. அவள் புருஷனுக்கு இந்தச் சாப்பாட்டுக் கடையில் கறி சுடுவது வேலை. அதனால் மாஸ்டர். கடையின் பின்னால், சிமெண்ட் போட்ட சின்ன முற்றத்தில், வெங்காய மூட்டைகளுக்கும் காலி சிலிண்டர்களுக்கும் நடுவே கிடந்தது அந்தப் பெட்டி. ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம் போன்ற இரும்பு உருளை. அதன் வலது பக்கத்தில் ஒட்டிக்கொண்டு சின்னதாக ஒரு நெருப்புப் பெட்டி. இடது கோடியில் புகைபோக்கி. விறகு அங்கே எரியும், கறி இங்கே கிடக்கும், சூடும் புகையும் மட்டும் கறியைத் தடவிக்கொண்டு வெளியே போகும். சொல்லக் கேட்டால் அழகாகத்தான் இருக்கிறது. நடப்பு வேறு. நெருப்பை ஒட்டிக் கிடக்கும் ஆட்டுத் தொடை கரிந்துபோகும். கோடியில் கிடப்பது அப்போதுதான் விழித்துப் பார்க்கும். ஒவ்வொரு தொடையாகத் தூக்கி, இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று மாற்றி மாற்றியே மாஸ்டர் பேர் வாங்கியிருந்தார். அப்படித் தூக்கியே வலது தோளும் போயிற்று. கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாது, பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதலாளியம்மா கெட்டவள் இல்லை. ஆனால் பேச்சில் சுற்றி வளைப்பதும் இல்லை.

"மாஸ்டர், தூக்க ஒருத்தன், பாக்க ஒருத்தன்னு ரெண்டு ஆள் வைக்க இந்தக் கடை தாங்காது. உங்க வீட்டம்மா பெட்டியைச் சரி பண்றேன்னு சொல்றாங்க, பண்ணட்டும். வியாழக்கிழமை நானே வந்து வெட்டிப் பாப்பேன். ரெண்டு பக்கமும் ஒண்ணு போல வெந்திருந்தா நீங்க இருங்க. இல்லேன்னா வேற ஆள் பாத்துக்கறேன். கோவிச்சுக்காதீங்க."

இன்றைக்குத்தான் அந்த வியாழக்கிழமை.

தகட்டக்கா தெரியாத வேலையில் கை வைக்கவில்லை. காற்றை எப்படித் திருப்புவது என்பதுதானே அவள் பிழைப்பு. நெருப்பு வாயிலிருந்து சூடு நேரே மேலே பாயாதபடி சரிவாக ஒரு தடுப்புத் தகடு வைத்தாள். கறியைப் பரப்பும் கம்பி வலைக்குக் கீழே வரிசையாகக் கனத்த தகடுகளைப் பரப்பினாள். நெருப்பின் பக்கம் நெருக்கமாக, போகப் போக இடைவெளி விட்டு. புகைபோக்கியின் வாயைக் குழாய் வைத்துக் கறி கிடக்கும் மட்டத்துக்கு இறக்கினாள். வலையை ஒட்டி இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று என்று சூடு காட்டும் இரண்டு மீட்டர்களும் பொருத்தினாள். நேற்றுக் கறியில்லாமல் சும்மா கொளுத்திப் பார்த்தபோது இரண்டு முள்ளும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றாக எழுந்து ஒன்றாக நின்றன.

"பாத்தீங்களா? தூக்க வேண்டாம், திருப்ப வேண்டாம், திறக்கவே வேண்டாம்."

"அப்ப என்னை எதுக்கு வச்சிருக்கணும்?" என்றார் மாஸ்டர். "ஒரு பூட்டு வாங்கி மாட்டிட்டுப் போயிடலாமே."

ராத்திரி முழுக்க அந்தக் கேள்வி அவள் காதிலேயே இருந்தது.

இப்போது கறி ஏறிப் பாதிப் பொழுது போயிருந்தது. முள் இரண்டும் ஒன்றாகத்தான் நின்றன. ஆனால் அவள் உதறிய துணியை மடித்துவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டும் ஒன்றாகவே நகர்ந்திருந்தன.

"என்னங்க, மீட்டர் ஏறுது."

"ஏறட்டும். காலையிலேர்ந்து மந்தமாத்தானே இருந்துச்சு."

"இல்ல, நிக்காம ஏறுது. நீங்க விறகு போட்டீங்களா?"

மாஸ்டர் தொட்டி விளிம்பிலிருந்து எழுந்தார்.

"நீ குழாயடிப் பக்கம் கை கழுவப் போனப்ப... ரெண்டு கட்டை. சூடு வர மாட்டேங்குதேன்னு..."

"ரெண்டா?"

"மூணு."

"ஐயோ! தகடு சூடாக நேரம் பிடிக்கும்னு தலையால அடிச்சுக்கிட்டேனே. இரும்புங்க அது. மெதுவாத்தான் ஏறும். ஏறுனா லேசுல இறங்காது!"

"சொன்ன. நான்தான்... கை சும்மா இருக்க மாட்டேங்குது. என்ன பண்ணச் சொல்ற?"

முள் எழும்பிக்கொண்டே போனது. பெட்டிக்குள்ளிருந்து சுர்ர் என்று ஒரு சத்தம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. முன்பக்கம் கடையில் முதலாளியம்மாவின் குரல் கேட்டது. வந்துவிட்டாள். யாரையோ தராசைத் துடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கறி முழுக்கத் தீய்ந்துபோகும். இரண்டு பக்கமும் ஒன்று போல, ஒரே சீராக, கரிக்கட்டையாக. தகட்டக்கா துணியைச் சுற்றிக்கொண்டு மூடியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"தொடாதே!"

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. அவள் கை அப்படியே நின்றது.

"சூடு வெளிய போகட்டுங்க!"

"சூடு வெளிய போகும், காத்து உள்ள வரும். மோந்து பாரு. அது கறி வாசனை இல்ல, கொழுப்பு. முன்னாடியெல்லாம் அடியில சொட்டி ஓட்டை வழியா வாளிக்குப் போயிடும். இப்ப உன் தகட்டுல விழுந்து நின்னு கொதிக்குது. நீ திறந்த மறு நொடி குப்புனு பத்திக்கும். உன் மூஞ்சியில."

அவள் கைப்பிடியை விட்டாள். கொழுப்பு! காற்றுக் குழாயில் ஏது கொழுப்பு? காற்றை மட்டும் யோசித்தாள். மேலே கிடப்பது சொட்டும் என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"அப்ப காத்து வர்ற வாயை மூடிடவா?"

"மூடுனா நெருப்பு மூச்சுத் திணறிக் கசப்புப் புகை கக்கும். கறி வாயில வைக்க விளங்காது. அந்த வாளியை எடு. தகர வாளி, பிளாஸ்டிக் இல்ல. மணல் போடு அதுல. கொஞ்சம்."

அவர் நெருப்புப் பெட்டியின் கதவைத் திறந்து, நீள இடுக்கியை இடது கையில் பிடித்தார். பழகாத கை. முதல் கட்டை நழுவி உள்ளேயே விழுந்து பொறி பறந்தது. வலது கை தானாக எழப் போயிற்று.

"வலது கை கூடாது!"

"தெரியும், தெரியும். பெண்டாட்டியா, டாக்டரா நீ?"

இரண்டாம் முறை கட்டை வந்தது. எரிந்துகொண்டே வந்து வாளியில் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. தணலில் பாதியை வாரி வெளியே போட்டார். புகைபோக்கியையே பார்த்தார். புகை வெள்ளையாகத் திரண்டது. பிறகு மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நீலமாயிற்று. சுர்ர் சத்தம் அடங்கியது. முள் நின்றது. நின்றதே தவிர, இறங்க மனசு வரவில்லை அதற்கு. பிறகு ஒரு மயிரிழை இறங்கியது. இன்னொரு மயிரிழை.

"என்ன, தீ விபத்தா?" வாளியைத் தாண்டிக் கால் வைத்து வந்தாள் முதலாளியம்மா. கையில் கத்தியும் பலகையும்.

"சும்மா கட்டை மாத்துனோம்மா" என்றாள் தகட்டக்கா.

"நல்லா மாத்துனீங்க, என் வாளியில."

கறி பதமாகும் வரை அவளும் மூட்டைமேல் உட்கார்ந்து காத்திருந்தாள். கடைசியில் மாஸ்டர் தலையாட்டினார். தகட்டக்கா மூடியைத் திறந்தாள். தொடைகள் எல்லாம் அக்கா தங்கை மாதிரி ஒரே நிறத்தில் கிடந்தன. முதலாளியம்மா நெருப்புப் பக்கம் ஒன்று, கோடியில் ஒன்று எடுத்து, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெட்டினாள். இரண்டு துண்டுகளைப் பலகையில் வைத்துத் திரும்பினாள்.

"எது நெருப்புப் பக்கம், மாஸ்டர்?"

தகட்டக்கா அவர் முகத்தையே பார்த்தாள். அவருக்குத் தெரிந்தால் பெட்டி தோற்றது. பொய் சொல்ல அவருக்கு வராது. மாஸ்டர் குனிந்து பார்த்தார். விரலால் அழுத்தினார். மோந்தார். ஒரு நுனியைக் கிள்ளி மென்றார். மற்றதையும் மென்றார். மறுபடி முதல் துண்டுக்கு வந்தார்.

"தெரியலம்மா" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது.

முதலாளியம்மா இரண்டையும் தின்றுவிட்டு விரலைத் துடைத்தாள்.

"நல்லாருக்கு. ஒத்துக்கறேன். சரி, இப்ப எனக்கு ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்கே வித்தியாசம் தெரியல, திருப்பவும் வேண்டாம். அப்ப இதைப் பாக்க மாஸ்டர்தான் வேணுமா? யார் நின்னா என்ன?"

நேற்று மாஸ்டர் கேட்ட அதே கேள்வி. இன்றைக்குத் தகட்டக்காவிடம் பதில் இருந்தது. சொன்னால் அவள் வேலையின் மானம்தான் போகும்.

"யார் வேணா நிக்கலாம்னுதான் நானும் நினைச்சேன்மா" என்றாள். "கொஞ்ச நேரம் முன்னாடி சூடு எகிறிப் போச்சு. நான் மூடியைத் திறக்கப் போனேன். என் தகட்டுல கொழுப்பு நின்னு கொதிச்சுது. எனக்கு அது தெரியல. செஞ்சவளே நான்தான், எனக்கே தெரியல. இவர் வாசனையிலேயே கண்டுபிடிச்சுத் தடுத்தாரு. இல்லேன்னா இந்நேரம் கறியும் இல்ல, என் புருவமும் இல்ல."

"எகிறுனது ஏன்னும் சொல்லு" என்றார் மாஸ்டர்.

"நீங்க சும்மா இருங்க."

"நான்தான்மா கட்டை அதிகமா போட்டேன். பழைய பெட்டி நினைப்புல."

முதலாளியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆக, நீங்க கொளுத்திட்டீங்க, இவங்க வெடிக்க வைக்கப் பாத்தாங்க. நல்ல ஜோடி." பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "கொழுப்பு வழிஞ்சு போற மாதிரி தகட்டைச் சாய்ச்சு வைங்க, தகட்டக்கா. மாஸ்டர், நாளைக்கு வழக்கம் போல வந்துடுங்க. தோளைக் காரணம் சொல்லி லேட்டா வந்தா சம்பளத்தைப் பிடிப்பேன்."

தகட்டக்கா வெங்காய மூட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மாஸ்டர் மட்டும் இரண்டெட்டு முதலாளியம்மாவின் பின்னால் போனார்.

"அம்மா, அம்மா! எது நெருப்புப் பக்கம்னு சொல்லிட்டுப் போங்களேன். ராத்திரி தூக்கம் வராது."

"அது எனக்கே மறந்துபோச்சு மாஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போனாள்.