பங்கு மருந்து

பயஸுக்கு மருந்துக் கடைக்காரர்களைக் கண்டாலே ஆகாது. அவர்கள் மருந்தை விற்கிறார்கள், தான் சும்மா கொடுப்பவன் என்பது அவன் கணக்கு. காஞ்சிரங்குளத்துக்குத் தெற்கே அந்தக் கடற்கரையில் யாருக்குக் காய்ச்சல் அடித்தாலும், பல் வீங்கினாலும் முதலில் எட்டிப் பார்ப்பது அவன் வீட்டைத்தான். டாக்டர் தனக்கு எழுதித் தந்த குளிகைகளில் பாதியைத்தான் பயஸ் விழுங்குவான். மீதி ஒரு ஹார்லிக்ஸ் குப்பியில் கிடக்கும். சிவப்பும் கறுப்பும் காய்ச்சலுக்கு, மஞ்சள் வயிற்றுக்கு, வெள்ளை எல்லாவற்றுக்கும். இதெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்டால் "அனுபவமாக்கும்" என்பான். கரைவலை இழுக்கும்போது கயிற்றில் சும்மா கை வைத்தவனுக்கும் மீனில் பங்கு உண்டு என்று வளர்ந்தவன். மருந்தைத் தனியாக விழுங்குவது அவனுக்கு என்னவோ வெட்கக்கேடாகவே பட்டது.

அப்படிப்பட்ட மகா வைத்தியன் காலில் கெளுத்தி முள் ஏறியது. குப்பியைத் திறந்து, வலி குறையும் வரை விழுங்கினான், வலி குறைந்ததும் மூடி வைத்தான். மறுபடி வீங்கியது, மறுபடி திறந்தான். சர்க்கரை இருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மீன் தின்கிறவனுக்கு ஏது சர்க்கரை என்று அதையும் அவனே தீர்த்து வைத்திருந்தான். பாதம் பூசணிக்காயாகப் பருத்து நாறத் தொடங்கியபோது, அவன் மனைவி பெர்த்தா ஒரு ஆட்டோவில் தள்ளி நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொண்டு போட்டாள்.

அடுத்த கட்டிலில் குன்னத்துகால் ஊர்க்காரன் கிருஷ்ணன்குட்டி. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்ததும் வீட்டுக்குப் போக வேண்டியவன். அவன் மனைவி கார்த்தியாயினி மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கொண்டு வருவாள், பெர்த்தா மீன்குழம்பு கொண்டு வருவாள். இரண்டும் சேர்ந்தால் பிறகு சாதியேது, சமயமேது? மரச்சீனியும் மீனும் சேர்ந்த இடத்தில் குளிகையும் சேர்ந்தது.

"எலே கிருஷ்ணன்குட்டி, உனக்கு தந்தது பொடிசு. இது நல்ல கனம் உள்ளதாக்கும், பிடி" என்று தன் பங்கில் ஒன்றை நீட்டுவான் பயஸ்.

"அப்போ எனக்க குளிகை ஒண்ணு உங்களுக்கு, பயஸண்ணே" என்பான் அவன்.

அதோடு விட்டானா? ஆள் இல்லாத நேரத்தில் தன் காலில் கட்டியிருந்த துணியை விரலால் விலக்கிப் புண்ணைப் பார்ப்பான். அந்தக் கையோடே, வியர்வையில் கழன்ற கிருஷ்ணன்குட்டியின் வயிற்றுப் பிளாஸ்திரியை அமுக்கி ஒட்டிவிடுவான். "நர்ஸு வர நேரமாவும். நமக்கு தெரியாத வேலையா?" என்பான்.

ஊசியை மாற்றி மாற்றிப் போட்டும் பயஸின் புண் ஆறவில்லை. பாறசாலையிலிருந்து வரும் டாக்டர் ஜெயபாய் புண்ணின் அடியாழத்தில் பஞ்சுக்குச்சியைத் தொட்டெடுத்து, திருவனந்தபுரத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். கிருமியை வளர்த்து, அதன் மேல் ஒவ்வொரு மருந்தாக வைத்துப் பார்ப்பார்களாம். முடிவு வந்த அன்று டாக்டர் கட்டிலருகே நின்று சொன்னார்: வைத்துப் பார்த்த மருந்துகள் எதற்கும் அந்தக் கிருமி சாகவில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர.

பயஸுக்கு வந்தது பயமா? பெருமை! "ஒரு மருந்தும் கேக்காதோ? பாத்தியாலே, எனக்க கிருமியாக்கும்!" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னான். பள்ளியில் மகன் ஷிஜின் முதலாவது வந்தபோதுகூட அவன் இவ்வளவு சத்தம் போட்டதில்லை.

"சிரிக்காதீங்க" என்றார் டாக்டர். "பாதி மருந்து போட்டா கிருமியில பாதிதான் சாவும். சாவாம நிக்குறது அந்த மருந்துக்கு பழகிப்போவும். நீங்க வீட்டுல இருந்து பழக்கி விட்டதாக்கும் இது."

மிச்சமிருந்த ஒரு மருந்துக்குப் பெயர் வேன்கோமைசின். டிரிப்பில் மெதுவாக ஏற்ற வேண்டும். திருவனந்தபுரத்தில் ஒரே ஒரு கடையில்தான் இருந்தது, அதுவும் ஒருத்தருக்குப் போதுமான அளவுதான். மெட்ராஸிலிருந்து அடுத்தது வர ஒரு வாரம் பிடிக்கும் என்றார்கள். பெர்த்தா பஸ் பிடித்துப் போய் இருந்ததையெல்லாம் வாங்கி வந்தாள்.

அவள் பையோடு வார்டுக்குள் நுழையும்போது கிருஷ்ணன்குட்டியின் கட்டிலைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். கட்டிலே ஆடும்படி அவனுக்குக் குளிர்நடுக்கம். டாக்டர் வயிற்றுப் பிளாஸ்திரியைப் பிரித்தார். தையல் வழியே சீழ் வடிந்தது.

"இதை ஆரு தொட்டது?" என்று கேட்டார்.

எல்லோரும் பயஸைப் பார்த்தார்கள். பயஸ் தன் கையைப் பார்த்தான். இத்தனை நாள் கைராசிக் கை என்று அவன் சொல்லித் திரிந்த கை.

டாக்டர் அவனிடம் வந்து ஒளிக்காமல் பேசினார். பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க நேரமில்லை. அதே கிருமியாகத்தான் இருக்க வேண்டும், ரத்தத்தில் ஏறிவிட்டது, பிரஷர் இறங்குகிறது. மருந்து ஏற்றாவிட்டால் கிருஷ்ணன்குட்டி பிழைக்க மாட்டான். பயஸுக்கு அந்த மருந்தை இன்றே ஏற்றினால் பாதம் ஒருவேளை தப்பும். ஒரு வாரம் காத்திருக்க அந்தப் பாதத்துக்குத் தெம்பில்லை, வெட்டி எடுக்க வேண்டி வரும், ஆனால் உயிர் நிற்கும். "மருந்து உங்களுக்கு உள்ளது. ஆருக்கு எண்ணு நான் சொல்லமாட்டேன்" என்றார்.

"இதுக்கு என்னத்துக்கு இவ்வளவு பேச்சு, டாக்டரம்மா? பாதி எனக்கு, பாதி அவனுக்கு."

"பாதியா!" டாக்டர் கத்தியே விட்டார். "இவ்வளவு சொல்லியும் உங்களுக்கு பாதியா? பாதி குடுத்தா அவரும் போவாரு, உங்களுக்க காலும் போவும். ஒருத்தருக்கு முழுசும் ஏத்தணும். பங்கு வைக்க இது மீனா?"

பிறந்ததிலிருந்து பயஸுக்குத் தெரிந்த ஒரே நல்ல காரியம் பங்கு வைப்பதுதான். அதையும் பிடுங்கிக்கொண்டால் பிறகு அவனிடம் என்ன இருக்கிறது? வீங்கின பாதமும் வாய்ச்சவடாலும்தான்.

கார்த்தியாயினி அவன் கால்மாட்டில் வந்து நின்றாள். மருந்து கேட்கவில்லை. "ரெண்டு நாளு போனா வீட்டுக்கு வாறேன் எண்ணு சொன்ன ஆளு, அண்ணே" என்றாள். "உங்களுக்க கை எதுக்கு அவருக்க வயத்துல போச்சு?"

பெர்த்தா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இது எனக்க ஆளுக்கு உள்ளதாக்கும். நான் தரமாட்டேன். காலு இல்லாம கட்டுமரத்துல எப்படி நிப்பாரு?"

அவள் கேட்டது நியாயம். அலையில் துள்ளும் மரத்தில் கால் ஊன்றாமல் ஒருவன் என்ன செய்வான்? பயஸ் பாதத்தைப் பார்த்தான். பெருவிரல் கறுத்திருந்தது. அதன் மேல் திடீரென்று அவனுக்கு அப்படியொரு பாசம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, வேண்டாம், மருந்து எனக்குத்தான் என்று சொல்லிவிட நினைத்தான். சொல்லியும் இருப்பான். பக்கத்துக் கட்டில் நடுங்குகிற சத்தம் நிற்கவே இல்லை.

"பெர்த்தா, குடுத்துரு" என்றான். "முழுசும்."

"ஷிஜினுக்க அப்பா, உங்களுக்கு பைத்தியமா? கடலுக்கு போவண்டாமா?"

"காலு இருந்தப்போ மட்டும் நான் என்னத்த கடலுக்கு போனேன்? பாதி நாளும் கரையில இருந்து வைத்தியம்தானே பாத்தேன்."

பெர்த்தா சிரிக்கவில்லை. பையை நர்ஸின் கையில் கொடுத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து அழுதாள்.

ஒரு வாரம்கூடப் பாதம் தாங்கவில்லை. வெட்டி எடுத்தார்கள். மெட்ராஸ் மருந்து அதற்குப் பிறகு சாவகாசமாக வந்து சேர்ந்தது. மேலே கிருமி ஏறாமலிருக்க அதை முழுதும் பயஸுக்கே ஏற்றினார்கள். அவனைத் தனி அறையில் போட்டிருந்தார்கள். உள்ளே வருகிறவர்கள் கையுறை போட வேண்டும், போகும்போது கை கழுவ வேண்டும். குளிகை தரும் நர்ஸ் அவன் விழுங்கும் வரை நின்று, வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். பயஸும் நல்ல பிள்ளையாக ஆவென்று காட்டுவான். ஊருக்கே மருந்து கொடுத்த வாய்.

ஒரு மத்தியானம் கார்த்தியாயினி வந்து வாசலுக்கு வெளியே நின்றாள். இல்லாத பாதத்தின் இடத்தில் போர்வை தட்டையாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

"காய்ச்சலு விட்டாச்சு, அண்ணே. இண்ணைக்கு எழும்பி இருந்தாரு. கஞ்சி குடிச்சாரு."

பயஸ் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். "மருந்து தீந்துதா?"

"தீந்துது. ஒண்ணு விடாம ஏத்தியாச்சு." அவள் போகாமல் தயங்கி நின்றாள். "கஞ்சியில கொஞ்சம் பயஸண்ணனுக்கு குடுத்திட்டு வா எண்ணு சொன்னாரு. நான் கொண்டு வரல்ல."

கையில் எதுவும் இல்லை என்பதைக் காட்டுவதுபோல இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கோபமாகக் காட்டவில்லை. பயந்து காட்டினாள்.

"கொண்டு வராதே, மக்கா" என்றான் பயஸ். "அவன் கேட்டாலும் கொண்டு வராதே. அவனும் என்னைப் போல ஒரு மண்டன். நீ செஞ்சதுதான் சரி."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். வராந்தாக் குழாயில் அவள் நெடுநேரம் கை கழுவுகிற சத்தம் கேட்டது. பயஸ் அதற்கு ஏதாவது சொல்லிச் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவன் தோள் குலுங்குவதைப் பார்த்து, அறை மூலையில் இருந்த பெர்த்தா எழுந்து வந்தாள். "என்ன, வலி உண்டா?" என்று கேட்டாள்.

"உண்டு" என்றான்.